கத்திரிக்காயின் தலையில் இருக்கும் கை

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கு வாய் இருந்தது. சமைக்கிறவர்கள் அரிவாள்மனையை விரித்து உட்கார்ந்தால் முதலில் காயிடம், "இன்னைக்கு நீ வர்றியா?" என்று கேட்பார்கள். வருகிறேன் என்று சொன்ன காயைத்தான் நறுக்குவார்கள். வெண்டைக்காய் உடனே சரி என்றுவிடும். பாகற்காய் மூன்று தடவை கெஞ்ச வைக்கும்.

கத்திரிக்காயை மட்டும் யாரும் கேட்பதே இல்லை. இன்றைக்கு எந்தக் கல்யாணப் பந்தியிலும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற காய்தான், அன்றைக்கு அதற்குத் தலையில் ஒன்றுமே கிடையாது. நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் கீழே வழவழவென்று ஒரு மொட்டைத் தலை. எல்லாக் காய்களும் அதை மொட்டை என்றுதான் கூப்பிட்டன. வாணலியில் போட்டால் கரைந்துவிடும், தனக்கென்று ஒரு ருசியும் இல்லை என்று பெயர் வாங்கியிருந்தது. கத்திரிக்காய் கட்சிக்காரனான எனக்கே இதைச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடிதானே சொல்ல வேண்டும்?

மேலேரி, கீழேரி என்று இரண்டு ஊர்கள். மேலேரியில் பெரிய ஏரி. அதன் மடையைத் திறந்தால்தான் கீழேரிக்குத் தண்ணீர். இரண்டு ஊர்க்காரர்களும் பெண் கொடுத்து, பெண் எடுத்து நன்றாகத்தான் இருந்தார்கள். கீழேரியில் நடந்த ஒரு விருந்தில் எல்லாம் கெட்டது. அன்றைக்குப் பூசணிக்காய்க் குழம்பு. மேலேரித் தலைவர் பெரியதம்பியின் இலையில் வெறும் தோல் துண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்த கீழேரிக்காரருக்குப் பஞ்சு மாதிரி சதைத் துண்டு. "எனக்குத் தோலா?" என்று எழுந்தவர்தான், போய் மடையை அடைத்துவிட்டார். சிரிக்காதீர்கள். பந்தியில் வந்த சண்டை எத்தனை குடும்பத்தைப் பிரித்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் ஆயிற்று. கீழேரி வயல்கள் வெடித்துவிட்டன. கிணறுகளில் சேறுதான் மிஞ்சியது. கீழேரித் தலைவர் சடையன் நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகு பெரியதம்பி ஒரு சொல் சொன்னார்.

"நாங்க ஒம்பது பேர் வர்றோம். உன் வீட்ல கை நனைக்கிறோம். குறையில்லாம சாப்பிட்டு எழுந்தா மடை திறக்கும். ஒரு இலையில ஏத்தம், ஒரு இலையில இறக்கம்னு இருந்துச்சு, ஜென்மத்துக்கும் திறக்காது."

ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டின் மேல் கோபம் இல்லை என்று அர்த்தம். அந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

சடையனின் மனைவி பூவாயி வீட்டில் இருந்ததை எண்ணிப் பார்த்தாள். அரிசி கொஞ்சம் இருந்தது. எள், மிளகு, கொத்தமல்லி, புளி, ஒரு குப்பி நல்லெண்ணெய் இருந்தன. காய்? உறியில் விதைக்கு வைத்த ஒரு சாம்பல் பூசணி. அடுப்படிக்குப் பின்னால் ஒரே ஒரு கத்திரிச் செடி. அரிசி கழுவிய தண்ணீரையும், குடிக்க வைத்திருந்ததில் பாதியையும் ஊற்றி அவள் காப்பாற்றிய செடி அது. அதில் பத்துக் காய்கள், ஒரே அளவில் தொங்கின.

பூசணிதான் முதலில் வாயைத் திறந்தது. "யோசனை எதுக்கு? ஒம்பது பேருக்கு நான் ஒருத்தன் போதாதா?"

"போதும்ப்பா. போன தடவை போதுமான அளவுக்குச் செஞ்சுட்டியே," என்றாள் பூவாயி. பூசணி உறியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் கொல்லைப் பக்கம் போனாள். "உன்னை யாரும் கேட்டதில்லை. நான் கேக்குறேன். வர்றியா?"

கத்திரிக்காய் தயங்கவே இல்லை. "வர்றேன் ஆத்தா. ஆனா என்னைத் துண்டு துண்டா நறுக்காதே. நறுக்கினா மறுபடியும் ஏத்த இறக்கம் வரும். நாலாக் கீறி, வறுத்து அரைச்ச மசாலாவை உள்ளே வச்சு, முழுசாப் போடு. ஆளுக்கு ஒண்ணு. யாருக்குத் தோலு, யாருக்குச் சதைன்னு பிரம்மனாலேயும் சொல்ல முடியாது."

"உனக்குன்னு ருசி இல்லைங்கிறாங்களே?"

"எல்லா ருசிக்கும் என் வயித்துல இடம் இருக்கு. அது சின்ன விஷயமா?"

அந்த மிடுக்கு பூவாயிக்குப் பிடித்திருந்தது. ஒரு காயைப் பறித்து நாலாகக் கீறினாள். நூல் காம்பு என்னத்தைத் தாங்கும்? காய் நாலு துண்டாகத் தரையில் விழுந்தது.

மிச்சம் ஒன்பது. வரப்போவதும் ஒன்பது பேர். இன்னொரு காய் சிதறினால் ஓர் இலை வெறுமையாக இருக்கும். இலை வெறுமையானால் மடை திறக்காது. பூவாயி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத செடி பேசியது.

"ஏன் தாயி அழறே? நீ குடிக்கிற தண்ணியில பாதியை எனக்கு ஊத்தினவ. என் புள்ளைங்களை நான் பிடிச்சுக்கிறேன்."

செடி தன் கைகளை நீட்டியது. ஒவ்வொரு காயின் மொட்டைத் தலையிலும் ஐந்து பச்சை விரல்களைப் பதித்து இறுக்கிப் பிடித்தது.

"இப்போ அறு. என் கையோட சேர்த்து அறு."

பூவாயி பதறிப்போனாள். "உன் கை போயிடுமே!"

"கை போனா முளைக்கும். புள்ளை சிதறினா சேருமா? அறு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவாயி அறுத்தாள். ஒன்பது காய்களும் தாய் கையோடு மடியில் வந்து விழுந்தன. அந்த விரல்களில் முள் இருந்தது. அவள் கையில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. "எம் புள்ளைங்க மேல கண்டவன் கை வைக்கக் கூடாதுல்ல," என்றது செடி.

அடியிலிருந்து நாலாகக் கீறினாள். ஒரு காயும் பிரியவில்லை. கறுத்துப் போகாமல் அரிசி கழுவின தண்ணீரில் போட்டாள். மசாலாவை வறுத்து அரைத்து உள்ளே அடைத்தாள். நல்லெண்ணெயில் பதமாக வதக்கி, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பைத் தணித்து வைத்தாள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. உறியில் இருந்த பூசணியே மூக்கை உறிஞ்சியது.

ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு முழுக் காய். பெரியதம்பி முதலில் வலது பக்கத்து இலையைப் பார்த்தார். பிறகு இடது பக்கத்து இலையைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. காயைத் தொட்டதும் சதை வெண்ணெயாக வழிந்தது. ஆனால் தலையில் இருந்த பச்சைப் பிடி மட்டும் விடாமல் நாலு கீற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதென்னம்மா, தலையில?"

"அது தாய் கைங்கண்ணே. புள்ளை சிதறக்கூடாதுன்னு, அறுத்தாலும் பரவாயில்லைன்னு கூடவே வந்திருக்கு."

பெரியதம்பி அந்தப் பச்சைப் பிடியைத் தடவிப் பார்த்தார். ஒரே வாய்க்காலில் குடித்து வளர்ந்த இரண்டு ஊர். ஒரு தோல் துண்டுக்காகக் கையை விட்டவர் அவர். அந்தக் காம்பை அவர் துப்பவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. இலையின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"இன்னொண்ணு போடும்மா."

பூவாயி சட்டியை எட்டிப் பார்த்தாள். சட்டியில் குழம்புதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்தது.

"அப்போ உங்களுக்கு?"

"விருந்தாளிக்கு முழுசாப் போட்டேன். அந்தப் பெருமையே எங்களுக்கு வயிறு நிறைஞ்ச மாதிரிங்கண்ணே," என்றாள் பூவாயி, தலை குனியாமல்.

பெரியதம்பி எழுந்தார். சடையன் செம்பில் தண்ணீர் நீட்டினார். அதுதான் வீட்டில் இருந்த கடைசித் தண்ணீர். அவர் அதை வாங்கவில்லை. எச்சில் கையோடு வாசலைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். கெட்டது குடி என்று ஊரே நினைத்தது.

பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் சலசலவென்று சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம். தண்ணீருக்கு முன்னால் பெரியதம்பி ஓடி வந்தார். பூவாயி வீட்டு வாசலில் வாய்க்கால் திரும்பும் இடத்தில் குனிந்து, குழம்பு காய்ந்த கையைப் புதுத் தண்ணீரில் கழுவினார்.

"இப்பத்தான் தாயி கை நனைச்சேன்," என்றார்.

பூவாயி முதல் குடத்தை மொண்டுகொண்டு நேராகச் செடியிடம் போனாள்.

அன்று முதல்தான் கத்திரிக்காய் தலையில் தாயின் முள்ளுக் கையோடு பிறக்கிறது. நம் வீடுகளில் காம்பை அறுக்காமல் நாலாகக் கீறி எண்ணெய்க் கத்திரிக்காய் வைப்பதும், சாப்பிட்டவர் அந்தக் காம்பை இலையோரத்தில் வைத்துவிட்டு எழுவதும் அன்று முதல்தான். சிதறாமல் பிடித்துக்கொண்ட கையைக் குப்பையில் எறிய யாருக்கு மனசு வரும்?