ஒன்பதும் பதிமூன்றும்

"டீச்சர், என் வண்டி குடிக்குது. அவன் வண்டி குடிக்கல."

வேலாயுதம் வாசலில் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்பது வயது. பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு இந்த மலைமேல் தியான இல்லம் தொடங்கியபோது, வந்தவர்கள் அம்மா என்றும் குரு என்றும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். டீச்சர்தான் நிலைத்தது.

வேலாயுதத்துக்கு ஐம்பத்து மூன்று. அரசு பஸ் ஓட்டியவர். லீவு போட்டுவிட்டு நான்கு நாள் தங்க வந்தவர், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு டீச்சரிடமே சீடராகச் சேர்ந்துவிட்டார்.

"எவ்வளவு குடிக்குது அண்ணாச்சி?"

"லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் வருது. அவனுக்குப் பதிமூணு."

"கம்பெனிக்காரன் எவ்வளவு சொன்னான்?"

"பத்தொன்பது."

"எங்க ஓட்டிப் பார்த்தானாம்?"

"ரூமுக்குள்ள. உருளைமேல நிறுத்தி. எதிர்க்காத்து கிடையாது, மேடு கிடையாது, ஏறி உட்கார ஆள் கிடையாது."

"கதவைச் சாத்திட்டுத் தனியா உட்கார்ந்தா எனக்கும் பத்தொன்பது வரும்" என்றார் டீச்சர்.

வேலாயுதம் சிரிக்கவில்லை.

அவன் என்பது நல்லசிவம். முப்பது வயது. அவனும் சீடன், அவனும் டிரைவர். இல்லத்தில் இருந்த இரண்டு வண்டிகளும் ஒரே நாளில் வந்தவை. ஒரே நிறம், ஏழு இருக்கை, ஆள் உயரம். மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி டர்போ எஞ்சின், மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்.

காலையில் வேலாயுதம் அடிவாரத்திலிருந்து ஆட்களை ஏற்றி வருவார். வெறும் வண்டியோடு இறங்குவார். மாலையில் நல்லசிவம் ஆட்களை இறக்கிவிடுவான். வெறும் வண்டியோடு ஏறுவான்.

இப்போது ஒரு வண்டிதான் மேலே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டிலும் பெட்ரோலை முட்ட நிரப்பி, எது எவ்வளவு குடித்தது என்று பார்ப்பார்கள். அதிகம் குடிக்கும் வண்டி கீழே இல்லத்தின் நாற்றுப்பண்ணைக்குப் போகும். அதன் டிரைவரும் அதோடு போவார்.

வேலாயுதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்லசிவம் விசில் அடித்துக்கொண்டு வண்டி கழுவினான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கண்ணாடி வழியே அவன் வண்டியின் பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தார். முக்கால்வாசி இருந்தது. தன் வண்டியில் கால்வாசி.

"வாங்க" என்று டீச்சர் எழுந்தார். "தண்ணித் தொட்டி வரைக்கும் போவோம். வாயை மூடிக்கிட்டு வரணும்."

நாற்பது படி. செங்குத்து. முப்பதாவது படியில் வேலாயுதம் வாயைத் திறந்தார்.

"ஏன் திறந்தீங்க?"

"மூச்சு பத்தல டீச்சர்."

இருவரும் இறங்கினார்கள்.

"இறங்கும்போது திறக்கலையே?"

வேலாயுதத்துக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். பெரிய உடம்பில் சின்ன எஞ்சின். ஆள் நிறைந்து மேடு ஏறும்போது டர்போ காற்றை அள்ளித் திணிக்கும். காற்று போகிற அளவுக்குப் பெட்ரோலும் போகும்.

"அப்போ நான் இறக்குதேன். அவன் ஏத்தட்டும்."

"ஏத்துற வேலையைக் கேட்டு வாங்கினது யாரு?"

அவர்தான். மேலே வருகிறவர்கள் வழியெல்லாம் பேசுவார்கள். டீச்சர் எப்படி, அதட்டுவாரா, சிரிப்பாரா என்று அவரிடம்தான் கேட்பார்கள். டீச்சரைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பார்ப்பார்கள். இறங்குகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயே திறக்க மாட்டார்கள்.

"ஏத்துறதும் எனக்கே இருக்கட்டும்" என்றார் வேலாயுதம். "பதிமூணும் எனக்கே வரட்டும்."

டீச்சர் சிரித்துவிட்டார். "இவ்வளவு நேர்மையா யாரும் என்கிட்ட பொறாமைப்பட்டதில்ல அண்ணாச்சி."

அந்தச் சிரிப்பு வேலாயுதத்தை இன்னும் சுட்டது. நல்லசிவம் சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரிப்பாரே, அது வேறு சிரிப்பு.

மறுநாள் மதியம். நல்லசிவம் பந்தியில் இருந்தான்.

வேலாயுதம் அவன் வண்டி அருகே குனிந்தார். சக்கரத்தில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும், இழுத்தால் குடிக்கும். வால்வை அழுத்திப் பத்து எண்ணினார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் பத்து. நான்கும் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கைப்பழக்கம் அவருக்கு உண்டு.

மாலை ஐந்து மணிக்கு ஐந்து பேர் கிளம்பினார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தாள்.

டீச்சர் வந்தார். நல்லசிவத்திடமிருந்து சாவியை வாங்கி வேலாயுதத்திடம் நீட்டினார்.

"இன்னையிலிருந்து நீங்க இறக்குங்க. கேட்டீங்களே."

"என் வண்டியிலயா டீச்சர்?"

"அந்தந்த வண்டிக்கு அதோட வேலை அப்படியே இருக்கட்டும். ஆள்தான் மாறுறீங்க. இந்த வண்டி இனிமே உங்களது."

வேலாயுதம் சாவியை வாங்கினார்.

பதினான்கு வளைவு. ஆறு பேர் பாரம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக். காற்று இறங்கிய டயர் எப்படிச் சூடேறும் என்று அவருக்குத் தெரியும். பஸ் ஓட்டிய காலத்தில் ஒருமுறை அந்தக் கருகல் வாடையை மோந்திருக்கிறார்.

"ஏறி உட்காருங்க அண்ணாச்சி, இருட்டிரும்" என்றான் நல்லசிவம்.

அந்தப் பெண் நடு இருக்கையில் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

வேலாயுதம் தன் வண்டிக்கு நடந்து போனார். பின்கதவைத் திறந்து கால் பம்பை எடுத்து வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க."

முதல் சக்கரத்தில் மாட்டி மிதிக்க ஆரம்பித்தார்.

நல்லசிவம் குனிந்து பார்த்தான். "காத்து கம்மியா? நேத்துதானே அடிச்சேன்."

"நான்தான் எடுத்தேன்."

"என்ன எடுத்தீங்க?"

"காத்தை. மத்தியானம். நீ சாப்பிடும்போது."

இறங்கி நின்ற ஐந்து பேர் காதிலும் அது விழுந்தது. பம்ப் மட்டும் மூச்சு வாங்கியது.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"பத்து எண்ணுற வரைக்கும்."

"நாலுலயுமா?"

"நாலுலயும்."

நல்லசிவத்தின் முகம் இறுகியது. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். கை முஷ்டியாகி இருந்தது. திரும்பி வந்தபோது அது விரிந்திருந்தது.

"நாலுலயும் சமமால்ல எடுத்திருக்கீங்க. எனக்கு அந்தக் கை வராது அண்ணாச்சி. நான் எடுத்திருந்தா வண்டி ஒரு பக்கம் சாஞ்சு போயிருக்கும்."

வேலாயுதம் நிமிரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

நல்லசிவம் உட்கார்ந்து அடுத்த சக்கரத்தின் மூடியைத் திருகிக் கழற்றினான்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?" தலை குனிந்தபடியே வேலாயுதம் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? நீங்க கேட்டதைக் குடுத்தேன்."

நான்கு சக்கரமும் முடிய இருபது நிமிடம் ஆனது. நல்லசிவம் அளவுக்கருவியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினான்.

வேலாயுதம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்க வேண்டாம் டீச்சர். நாற்றுப்பண்ணைக்கு நான் போறேன்."

"போங்க" என்றார் டீச்சர்.

இருங்கள் என்று சொல்வார் என ஒரு கணம் காத்திருந்துவிட்டார் வேலாயுதம்.

"கீழ சமதரை" என்றான் நல்லசிவம். "உங்க பழைய வண்டியே பதினாறு குடுக்கும் பாருங்க. அப்புறம் நான் வயிறெரியணும்."

"முதல்ல இவங்களை இறக்கிட்டு வாங்க, அப்புறம் போகலாம்" என்றார் டீச்சர்.

நான்கு பேர் தயங்கித் தயங்கி ஏறினார்கள். குழந்தைக்காரப் பெண் ஏறவில்லை. சாவியோடு நின்ற வேலாயுதத்தையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரா ஓட்டப் போறாரு டீச்சர்? நம்பி உட்காரலாமா?"

டீச்சர் முன் இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"இந்த மலையில, காத்து எவ்வளவு இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான். ஏறும்மா."