முதல் தடவை வரும் வரைக்கும்

“அக்கா, என் விண்ணப்பத்துல என்ன குறை?” என்று கேட்டான் சுடலைமணி.

“குறையே இல்லயே மணி. அதான் யோசிக்கேன்” என்றாள் ஜெபராணி.

தொலைபேசியில் அதற்கு மேல் ஒரு விளக்கமும் வரவில்லை.

ஜெபராணி பகலில் சம்பளத்துக்கு ஒரு வேலை பார்ப்பவள். மிச்ச நேரத்தில் ஒரு மென்பொருளைக் கட்டி மேய்ப்பவள். கண் தெரியாதவர்களுக்காகக் கணினித் திரையில் இருக்கும் தமிழைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. அதற்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். திறமூலம் என்பார்கள்.

கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகளை இப்படிப்பட்ட மென்பொருள்களில் வேலை செய்யவிட்டு, ஆளுக்கொரு வழிகாட்டியையும் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. இந்த வருஷம் வாயாடிக்கு ஒரே ஓர் இடம்தான். விண்ணப்பித்தவர்களோ ஒரு வகுப்பறை நிறைய இருந்தார்கள்.

ஜெபராணியின் கண்ணில் பட வேண்டுமே என்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். ஒருவன் தினமும் காலையில் எல்லாரும் பேசும் பொது அரட்டைக்கு வந்து வணக்கம் வைத்தான். ஒருத்தி நிறுவும் குறிப்பில் இருந்த காற்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பினாள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று யாருக்குத்தான் தெரிகிறது?

சுடலைமணி தென்காசிப் பக்கம். பொறியியல் கடைசி வருஷம். போன வருஷமும் விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. திட்டம் மாணவர்களுக்கு மட்டும்தான் என்பதால் இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் மாமாவின் உரக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமா நல்லவர், கடையும் நல்ல கடை. ஆனால் அவனுக்கு அங்கே மனசு ஒட்டவில்லை.

விண்ணப்பத்தில் ஜெபராணி எல்லாரிடமும் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான். வாயாடியை உங்கள் கணினியில் நிறுவுங்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். நிறுவினேன், எந்தச் சிக்கலும் இல்லை, அருமையாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு வாயாடியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தப் போவதாகப் பக்கம் பக்கமாகக் கனவு.

சுடலைமணியும் அப்படித்தான் எழுதியிருந்தான். கனவு மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளம்.

“அப்ப நான் என்னக்கா செய்யணும்?”

“இன்னொரு தடவ நிறுவிப் பாரு.”

அவன் நிறுவினான். கை பழகியிருந்ததால் சீக்கிரமே முடிந்தது. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னான்.

“மறுபடி செய்யி” என்றாள் ஜெபராணி.

வேகத்தைத்தான் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ராப்பகலாக உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினான். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், வாயாடி தானாக நிறுவிக்கொண்டு வணக்கம் சொல்லிவிடும். அந்த வணக்கத்தைத் தொலைபேசி வழியாக அவளுக்கும் கேட்க வைத்தான்.

“நல்லாருக்கு. மறுபடி செய்யி.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தது நியாயம்தான்.

“இன்னும் எத்தன தடவக்கா?”

“மொதத் தடவ வர்ற வரைக்கும்.”

இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

பெரிய சாமியார்னு நெனப்பு என்று அவன் முணுமுணுத்தான். விடுதி அறையில் கேட்க ஆள் இல்லாததால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே திட்டினான்.

திட்டி முடித்த பிறகும் அந்தப் பேச்சு அவனை விடவில்லை. முதல் தடவை என்ன நடந்தது என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

முதல் தடவை வாயாடி வாயே திறக்கவில்லை.

எல்லாவற்றையும் குறிப்பில் இருந்தபடிதான் செய்திருந்தான். திரையில் தமிழ் இருந்தது, சத்தம் இல்லை. சாப்பாட்டை மறந்து அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில்தான் தெரிந்தது. கணினியில் அவன் தன் பெயரைத் தமிழில் வைத்திருந்தான். அவனுடைய கோப்புகள் எல்லாம் ‘சுடலைமணி’ என்ற தமிழ்ப் பெயருக்குக் கீழே இருந்தன. குரலுக்கான கோப்பும் அங்கேதான் இருந்தது. தமிழை வாசிக்க வந்த வாயாடிக்கு அந்தத் தமிழ்ப் பெயரைத் தாண்டி உள்ளே போகத் தெரியவில்லை.

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணினியில் பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, இதுகூடத் தெரியாதவனா இடம் கேட்கிறான் என்பார்களே என்று பயந்தான். சத்தமில்லாமல் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினான். வாயாடி பேசிற்று. விண்ணப்பத்தில் ‘எந்தச் சிக்கலும் இல்லை’ என்று எழுதினான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

மதியம் பொது அரட்டையில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பேசியவர் பொன்னம்பலம். ராஜபாளையத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லை. மருமகள் அவருக்கு ஒரு கணினி வாங்கித் தந்து, குறிப்பைப் பார்த்து வாயாடியையும் நிறுவிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதமாகக் கணினி மேசைமேல் ஊமையாக உட்கார்ந்திருக்கிறதாம்.

விண்ணப்பித்த பிள்ளைகள் எல்லாரும் பாய்ந்து வந்தார்கள். ஜெபராணி பார்க்கும் இடம் அல்லவா. எனக்கு நன்றாக வேலை செய்கிறதே என்றான் ஒருவன். எனக்கும் என்றாள் ஒருத்தி. அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்றான் வணக்கக்காரன். சுடலைமணியும் யோசிக்காமல் தட்டிவிட்டான், என் கணினியில் பிரமாதமாகப் பேசுகிறது ஐயா என்று.

சற்று நேரத்தில் இன்னொரு குரல் பதிவு வந்தது.

“எல்லார் கம்ப்யூட்டர்லயும் நல்லா பேசுதுங்கிறீங்க தம்பிகளா, ரொம்பச் சந்தோசம். அப்ப நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டுக்கிடவா?”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுடலைமணியால் சிரிக்க முடியவில்லை. தான் கடைசியாகத் தட்டிய வரியைத் திரும்பப் படித்தான். அவமானமாக இருந்தது.

அவன் மெதுவாகத் தட்டினான்: “ஐயா, உங்க கம்ப்யூட்டர்ல உங்க பேர எதுல வச்சிருக்கீங்க?”

அவருடைய கைப்பேசி அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பதில் உடனே வந்தது.

“தமிழ்லதான். வேற எதுல வைக்க? என் பேரு தமிழ்தானே.”

அப்போது மணி நாலரை. சுடலைமணி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இப்போது பெயரை மாற்றச் சொல்லிவிட்டால் போதும், அவருக்கும் வேலை முடிந்தது, இவனுக்கும் நல்ல பெயர். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

உட்கார்ந்து எழுதினான்.

“ஐயா, எனக்கும் மொதத் தடவ இதேதான் நடந்துச்சு. என் பேரயும் தமிழ்லதான் வச்சிருந்தேன், சத்தமே வரல. என் மடத்தனம்னு நெனச்சு பேர இங்கிலீஷுக்கு மாத்திட்டு வெளிய சொல்லாம இருந்துட்டேன். நீங்க உங்க பேர மாத்தாதீங்க. மாற வேண்டியது வாயாடிதான். எந்த இடத்துல திருத்தணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அனுப்பினான்.

பிறகு காற்புள்ளிக்காரி எழுதினாள், எனக்கும் அங்கேதான் நின்றது, நானும் பெயரை மாற்றிவிட்டுப் போய்விட்டேன் என்று. சேலத்துப் பையன் ஒருவன் எனக்கும் என்றான்.

அதன் பிறகு ஜெபராணி வந்து எழுதினாள்.

“நாலஞ்சு மாசமா இதத்தான் தேடுதேன். சத்தம் வரலன்னு ஆள் மாத்தி ஆள் சொல்லுதாங்க, எனக்கு மட்டும் பேசுது. என் கம்ப்யூட்டர்ல எனக்கு இங்கிலீஷ் பேரு. எனக்கு எங்க மாட்டும்?”

சுடலைமணி அவளைத் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அக்கா, சிக்கலே இல்லன்னு எழுதுனது பொய். என் விண்ணப்பத்தத் திரும்ப எடுத்துக்கிடட்டுமா?”

“எடுத்துக்கோ” என்றாள் ஜெபராணி.

கேட்டவன் அவன்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. உரக்கடையின் வாடை மூக்கில் அடித்தது.

எடுத்தான். விண்ணப்பம் இருந்த இடம் திரையில் வெறுமையாக இருந்தது.

“எடுத்துட்டேன்க்கா.”

“இப்ப பொன்னம்பலம் ஐயாவுக்கு எழுதுனியே, அத அப்படியே அங்க போடு. ஆறு மணிக்குத்தான் மூடுவாங்க.”