அஞ்சுகிறவர் யார்?

துறைமுக ஊர் ஒன்றில் ஒரு மாலைப் பத்திரிகை. அதன் செய்தி ஆசிரியர் ரஹ்மத்நிஷா. அவரிடம் மொழிபெயர்ப்பு பழக வந்தவர் ஏகாம்பரம். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நீதிமன்றத்தில் ஒரு சொல் விடுபட்டால் வழக்கே சாய்ந்துவிடும். ஆங்கிலத் தலைப்புகளிலோ சொற்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். நேற்றே பதவி விலகிய அமைச்சர் அங்கே இன்றும் விலகிக்கொண்டிருக்கிறார். நாளை வரப்போகிறவருக்கு வெறும் ‘டு கம்’, அதாவது ‘வர’ என்பதோடு சரி. ஏகாம்பரத்துக்குத் தலை சுற்றியது.

அன்று முற்பகல் செய்தி ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. கழிமுகத்தில் படகு கவிழ்ந்தது. பதினான்கு பேர் ‘ஃபியர்டு டிரவுண்டு.’

“மேடம், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“மூழ்கிட்டதா அஞ்சப்படுதுங்கிறான். அஞ்சுறவர் யாரு? ஆளையே காணோமே.”

“நீங்க எப்படி எழுதியிருக்கீங்க?”

ஏகாம்பரம் தாளை நீட்டினார். ‘படகு கவிழ்ந்து 14 பேர் பலி.’

“ஆள் இல்லாத அச்சம் எதுக்குன்னு எடுத்துட்டேன். இடமும் கச்சிதமா இருக்கு.”

பக்கம் வடிவமைக்கும் சூசை திரும்பிப் பார்த்தார். “சார் பொழச்சுக்குவார் மேடம். பலின்னா ரெண்டே எழுத்து. போஸ்டர்ல மலை மாதிரி போடலாம். பெட்டிக்கடையில மாட்டுன கையோட பேப்பர் காலி.”

ரஹ்மத்நிஷா பதில் சொல்வதற்குள் வரவேற்பறையிலிருந்து தொலைபேசி அழைத்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

“வாசல்ல ஒருத்தர் நிக்கிறாராம். அவர் சம்சாரம் அந்தப் படகுல போனவங்க. நம்ம தலைப்பை அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க சார். அப்புறம் அச்சுக்கு அனுப்பலாம்.”

“நானா?”

“எழுதினது நீங்கதானே.”

வாசலில் நின்றவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு தூக்குவாளி.

“சோத்தை மறந்து வச்சிட்டுப் போயிட்டா சார். பின்னாடியே ஓடினேன். படகு கெளம்பிருச்சு. இப்ப கரைக்கே விட மாட்டேங்கிறாங்க. பேப்பர்காரங்களுக்குத்தான் மொதல்ல தெரியுமாமே?”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். அந்த இரண்டெழுத்து வரவில்லை.

“தேடிக்கிட்டிருக்காங்க,” என்றார். “இன்னும் ஒண்ணும் தெரியலப்பா.”

“அப்ப இருப்பாளா?”

“தெரியலப்பா.”

அந்த மனிதர் தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “ஆறிப்போச்சு,” என்றார்.

ஏகாம்பரம் உள்ளே வந்தபோது ரஹ்மத்நிஷா வேறு ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சொல்லிட்டீங்களா?”

“முடியல மேடம்.”

“வேற என்ன சொன்னீங்க?”

“இன்னும் தெரியலன்னு.”

“இங்கிலீஷ்லயும் அவ்வளவுதான் இருக்கு.”

“அதெல்லாம் போஸ்டர்ல அடங்காது மேடம்,” என்றார் சூசை.

“எழுத்தைச் சின்னதாக்குங்க.”

ஏகாம்பரம் உட்கார்ந்தார். ‘பலி’யை அடித்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“இருந்தாலும் மேடம், அந்த இங்கிலீஷ்ல ஆளே இல்லையே...”

ரஹ்மத்நிஷா இப்போதுதான் நிமிர்ந்தார்.

“அஞ்சுறவர் யாருன்னு கேட்டீங்களே சார். பார்த்துட்டுத்தானே வந்தீங்க?”