ஆவுடை கழற்றாத சலங்கை

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், அங்கே சட்டம் என்றால் மணியக்காரரின் கைதான். கடிகாரத் துடிப்பு என்று இப்போது நாம் சொல்வது அவரைத்தான். அவர் கை ஏறும், இறங்கும். ஓயவே ஓயாது.

நினைவகத்திலிருந்து ஒரு பாதை வழியே படத் துணுக்குகளைச் சுமந்து வருபவள் ஆவுடை. பாதையின் மறுகோடியில் அவற்றை வாங்கித் திரையில் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. எல்லாரும் அவரைச் சித்திரக்காரர் என்பார்கள். மணியக்காரர் கை ஏறும்போது ஒரு சுமை போகலாம். இறங்கும்போது ஆவுடை சும்மா நிற்க வேண்டும்.

ஒருநாள் திரையில் ஒரு குதிரை ஓட வேண்டியிருந்தது. அது நொண்டியது.

"நாளைக்கு இந்தக் கார்டைப் பிடுங்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார் கணினிக்குச் சொந்தக்காரர்.

சித்திரக்காரர் ஆவுடையைக் கூப்பிட்டார். "ஆவுடை, சுமை பத்தலைம்மா. பிடுங்கிட்டா நான் குப்பைக்குத்தான்."

ஆவுடை நேரே மணியக்காரரிடம் போனாள். "ஐயா, கையை வேகமா ஆட்டுங்க."

"இந்தக் கையை நம்பி ஊரே இருக்கு. உனக்காக வேகமா ஆட்ட முடியாது."

"அப்போ இறங்கும்போதும் ஒரு சுமை போடுறேன்."

"இறங்கும்போது நிக்கணும். அதுதான் வழக்கம்."

"ஏறுறதும் உங்க கை, இறங்குறதும் உங்க கை. ஒண்ணுக்குத்தான் மரியாதையா?"

மணியக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் மறுபடி கேட்கவில்லை. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று அனுப்பத் தொடங்கினாள்.

குதிரைக்கு மூக்கில் வால் முளைத்தது.

"நல்ல குதிரை! எந்தச் சந்தையில பிடிச்சே?" என்று மணியக்காரர் சிரித்தார்.

சித்திரக்காரர் அழாத குறைதான். "அவர் கையைப் பார்த்துத்தானே எடுக்கிறேன். அந்தச் சைகை ஒரு வழியா வருது, நீ வேற வழியா வர்றே. முன்னே நிறைய இடைவெளி இருந்துச்சு, பிசகினாலும் சமாளிச்சேன். இப்போ அவர் கை எனக்குத் தெரியறதுக்குள்ளே அடுத்த சுமை வந்துடுது."

ஆவுடை தன் காலைப் பார்த்தாள். ஒரு சலங்கையை எடுத்துக் கட்டினாள்.

"இனிமே அவரைப் பார்க்காதீங்க. நான் கால் தூக்கும்போது ஒருதரம் கேக்கும், ஊன்றும்போது ஒருதரம் கேக்கும். கேட்டதும் எடுங்க. சுமையும் சத்தமும் ஒரே வழியில சேர்ந்துதான் வரும்."

சலங்கை ஒலித்ததும் மணியக்காரர் கத்தினார். "கழற்று! இங்கே தாளம் ஒண்ணுதான்!"

"எப்போ கிளம்பணும்னு நீங்க சொல்லுங்க, கேக்குறேன். நடக்குறது என் கால். இதைக் கழற்ற மாட்டேன்."

"கழற்றலேன்னா?"

"அப்போ சுமையை நீங்களே தூக்குங்க."

அவரால் முடியாது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான்; அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆவுடை நடந்தாள். திரையில் குதிரை நான்கு கால் பாய்ச்சலில் ஓடியது. பிடுங்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, சில துணுக்குகளை நினைவகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தபோது, சித்திரக்காரரும் தன் காலில் ஒரு சலங்கையைக் கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

மணியக்காரரின் கை இன்றும் ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தப் பாதையில் ஒரு துடிப்புக்கு இரண்டு சுமை போவதும், அனுப்புகிறவரே தன் தாளத்தையும் கூடவே அனுப்புவதும், ஆவுடை மாட்டேன் என்று சொன்ன அந்த நாளிலிருந்துதான்.