கரடியின் மார்பில் வைத்த கை

மலையடிவாரச் சுனைக்கரையில் ஒரு நாரை வைத்தியம் பார்த்து வந்தது. முள் எடுக்கும், கட்டி கீறும், சொத்தைப் பல் பிடுங்கும். வலி தாங்காத விலங்குகள் உதைத்துவிடும். ஒருமுறை அதன் அலகே முறியப் பார்த்தது.

நோயாளியை மயக்கித் தூங்க வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று நாரை காட்டுக் கூட்டத்தில் கேட்டது. தேவாங்கு கிளையிலிருந்து மெல்ல இறங்கி, அந்த வேலையைத் தான் கற்றுக்கொள்வதாகச் சொன்னது.

கரடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பகலெல்லாம் தூங்குகிற முட்டைக்கண்ணன் நம்மைத் தூங்க வைக்கப் போகிறானாம்! இதெல்லாம் ஒரு வேலையா?"

காடே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று தேவாங்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டது.

பிறகு வேலையைக் கற்றது. மயக்கும் வேரை இடித்து முதலில் தானே முகர்ந்து பார்த்தது. முயலுக்கு எவ்வளவு, மானுக்கு எவ்வளவு என்று அறிந்துகொண்டது. தூங்க வைப்பது எளிது, திரும்ப எழுப்புவதுதான் வேலை என்பதும் புரிந்தது. நாரை கீறும்போதெல்லாம் அது நோயாளியின் மார்பில் கை வைத்து மூச்சைக் கவனித்தபடி இருக்கும். எழுந்தவர்கள் நாரையைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தேவாங்கை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் கரடிக்குப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. வெறும் வயிற்றோடு வரும்படி தேவாங்கு சொல்லியனுப்பியது. மயக்கத்தில் தின்றது மேலே வந்தால் மூச்சை அடைத்துவிடும்.

வழியில் இலுப்பை மரம். தரையெல்லாம் பூ. வலியிலும் கரடிக்கு ஆசை விடவில்லை. வலிக்காத பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி வயிறு நிறைய விழுங்கியது.

"ஏதாவது தின்றாயா?" என்று தேவாங்கு கேட்டது.

"பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்றது கரடி. கூட வந்த காட்டுப்பன்றி வேறு பக்கம் பார்த்தது.

கரடி மயங்கியது. நாரை பல்லைக் கவ்வி ஆட்டத் தொடங்கியது. திடீரென்று தேவாங்கின் கைக்குக் கீழே மார்பு ஏறவில்லை.

"அலகை எடு" என்றது தேவாங்கு.

"பல் பாதி வந்துவிட்டது. இன்னும் ஒரே இழுப்பு."

"எடு என்கிறேன்!"

நாரை விலகியது. தேவாங்கு சொன்னபடி பன்றி முட்டித் தள்ளிக் கரடியைப் பக்கவாட்டில் புரட்டி, தலையைச் சரிவில் தாழ்த்தியது. தேவாங்கு அந்தப் பெரிய வாய்க்குள் தோள்வரை கைவிட்டு, கூழான இலுப்பைப் பூவை வாரி வாரி வெளியே போட்டது. சிரித்த வாய் அதுதான். தேவாங்குக்கு அது நினைவு வராமல் இல்லை. கை மட்டும் நிற்கவில்லை.

கரடி இருமியது. மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நாரைக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆடிக்கொண்டிருந்த பல்லை அது ஒரே இழுப்பில் எடுத்தது.

விழித்ததும் கரடி கன்னத்தைத் தடவிப் பார்த்தது. வலி இல்லை. "நாரையாரே, என்னைக் காப்பாற்றினீர்" என்றது.

"காப்பாற்றியது நான் இல்லை" என்றது நாரை.

கரடி சுற்றிப் பார்த்தது. தேவாங்கு சுனையில் கை கழுவிக்கொண்டிருந்தது. "இலுப்பைப் பூ நன்றாக இனித்ததா?" என்று கேட்டது.

கரடி தலை குனிந்தது. "பொய் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சொன்னதையும் மறந்துவிடு."

"மறக்க மாட்டேன். ஆனால் அடுத்த பல் வலித்தாலும் வா. வெறும் வயிற்றோடு வா."

கரடி சிரித்தது. இம்முறை தேவாங்கும் சிரித்தது.

மனக்கசப்பு மாறாவிட்டாலும் அதைத் தன் வேலையில் கலக்காதவனை நம்பி உயிரையே ஒப்படைக்கலாம்.