நண்டின் பெரிய கொடுக்கும் ஐந்து ஏரிகளும்

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் நம்மோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த நாளில், மலைமேல் ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து ஏரிகள் இருந்தன. மேல் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு வழியும். அப்படியே ஐந்தாவது வரைக்கும் இறங்கி வரும்.

ஒரு வருஷம் மழை பிந்தியது. மேல் ஏரிக்காரர்கள் பயந்துபோய்க் கலிங்கைக் களிமண் வைத்து அடைத்துவிட்டார்கள். கடைசி ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர்வைத்த வீராயி என்பவளின் நாற்று மஞ்சளடித்துவிட்டது. வேறு விதைநெல் இல்லை. நாற்று போனால் அவள் பிள்ளைகள் பட்டினிதான்.

மலையேறிப் போய் மேல் ஏரி ஊர்த்தலைவர் செங்கோடனிடம் தண்ணீர் கேட்டாள்.

"எங்களுக்கே போதுமோ போதாதோ, நீ வேற வந்துட்டியாம்மா?" என்று கையை விரித்துவிட்டார் அவர்.

வீராயி கலிங்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். கல்லிடுக்கிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

"வரப்புல வளை போட்டான்னு என் தம்பிமேல சுடுதண்ணி ஊத்தினவ நீதானே?"

அவளுக்கு முகம் செத்துப்போனது. "ஆமா, நான்தான். தப்புதான்."

"அடடே, ஒத்துக்கிட்டாளே! இல்லவே இல்லைன்னு சாதிச்சிருந்தா உள்ளே போயிருப்பேன். சரி, கண்ணைத் துடை."

நண்டு களிமண்ணைத் தோண்டத் தொடங்கியது. அதன் வீடும் அதற்குள்தான் இருந்தது. உச்சி வெயிலில் ஆரம்பித்த வேலை. சாயங்காலம் தண்ணீர் பீறிட்டபோது வீடு போயிற்று, தோண்டிய கொடுக்கும் வீங்கிப்போயிற்று.

செங்கோடன் கோபத்தில் குதிகுதியென்று குதித்தார்; ஆனால் பீறிட்ட தண்ணீரை மறுபடி அடைக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் கடைசி ஏரியைத் தொட்டது, நாற்று பச்சை பிடித்தது. ஆறாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வந்த வெள்ளமெல்லாம் திறந்த கலிங்கு வழியே சாதுவாக இறங்கிப் போனது. அடைத்தே கிடந்திருந்தால் கரை உடைந்து ஐந்து ஊரும் போயிருக்கும். மனுஷன் வெட்கப்பட்டு நண்டைக் கும்பிட்டார்.

அறுப்பு முடிந்ததும் வீராயி புது அரிசிச் சோற்றோடு கிளம்பினாள். ஒவ்வோர் ஏரியாகப் பார்த்துக் கும்பிட்டு மேலே ஏறினாள். நண்டின் முன் சோற்றை வைத்தாள்.

"உன்னாலதான்யா என் பிள்ளைங்க சாப்பிடுதுங்க. நீ நல்லா இருக்கணும்."

"அழாதே, சோறு உப்புக் கரிக்கும்," என்றது நண்டு.

அன்றைக்கு வீங்கிய கொடுக்குதான், இன்றைக்கும் நண்டுக்கு ஒன்று பெரிதாக இருக்கிறது. அறுப்பு முடிந்தால் கடைசி ஏரிப் பெண்கள் ஐந்து ஏரியையும் பார்க்க மேலே போவதும் அன்று தொடங்கியதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நண்டு பிடிப்பதில்லை. கேட்டுப் பாருங்கள், "சோறு போட்ட சாமியை யாராவது குழம்பு வைப்பாங்களா?" என்பார்கள்.