ஊடல் வழக்கு

சரளைக்கல்லில் செருப்பு இழுபடும் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஓர் இருமல். ஆள் கடைசியில்தான் வந்தார்.

நாடகக்காரர் திரவியம்.

மடத்து முற்றத்தில் நாச்சியம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரவியத்தைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

"அம்மா, எழுதுறவனுக்குச் சாமி மேல உரிமை உண்டா, இல்லையா?"

"யார் இல்லைன்னது?"

"கோர்ட்டு கேக்குது. கடைசிக் காட்சியை வெட்டுதியா, நாடகத்தை நிறுத்துதியான்னு. நாளைக்குப் பதில் சொல்லணும். அந்தக் காட்சியை வெட்டினா நாடகத்துக்கு உசிரு இல்ல."

"வழக்குப் போட்டது யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க அடுக்களையிலதான் இருக்காரு."

அடுக்களையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டி எட்டிப்பார்த்தார். அவரும் நாச்சியம்மையின் சீடர். திருவிழாவில் அம்பாள் பல்லக்கைச் சுமப்பவர். வலது தோளில் காய்ப்பு ஏறியிருந்தது.

"அவருக்கு எழுத உரிமை இருக்குன்னா, எனக்கு வலிக்க உரிமை இல்லியா தாயி?"

அந்த ஊரில் ஊடல் திருவிழா உண்டு. சுவாமி மேல் கோபித்துக்கொண்டு அம்பாள் முன்னால் ஓடிவந்து கோயில் கதவைச் சாத்திவிடுவாள். சுவாமி வெளியே நிற்பார். ஓதுவார் சமாதானம் பாடுவார். பாட்டு முடிந்ததும் கதவு திறக்கும்.

திரவியத்தின் நாடகத்தில் கதவு திறப்பதில்லை.

"அம்பாளைத் தூக்கிட்டு ஓடிவந்து கதவைச் சாத்துறது நாங்கதான். வருசா வருசம் சாத்துதோம்," என்றார் சங்கரபாண்டி. "ஆனா திறந்துருவோம்லா? எங்க அம்பாள் அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா? இவரு அப்படி ஆக்கிட்டாரு."

நாச்சியம்மை முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

"பாண்டி அண்ணாச்சி, அந்தச் சாமான் அறைக்குள்ள போங்க. தாழ்ப்பாள் போட்டுக்கிடுங்க. நீங்க அம்பாள். திரவியம் அண்ணாச்சி வெளிய நிக்கட்டும். அவரு சுவாமி."

"ஓதுவாரு?"

"ஓதுவார் இல்ல. பாட்டும் இல்ல. உங்களுக்கு எப்பத் திறக்கணும்னு தோணுதோ, அப்பத் திறங்க."

சங்கரபாண்டி உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

திரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் நாடக வசனத்தையே ஆரம்பித்தார்.

"தேவி, நதியைத் தலையில் வைத்தவனுக்கு… வைத்தவனுக்கு…"

மறந்துவிட்டது.

உள்ளிருந்து குரல் வந்தது. "'உன்னை வைக்க ஓர் இடம் இல்லையா என்று கேட்டாய்.' மேல சொல்லும்."

"உமக்கு எப்படிவே தெரியும்?"

"மனு எழுத வேண்டாமா? எத்தனை தடவை உக்காந்து பார்த்தேன்னு நினைக்கீரு?"

"என் வீட்டுக்காரியே ஒரு தடவைதான் பார்த்தா," என்றார் திரவியம்.

"அவ புத்திசாலி."

நாச்சியம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

திரவியம் வசனம் முழுவதையும் சொன்னார். பிறகு வசனத்தில் இல்லாததையும் சொன்னார். கெஞ்சினார். வைதார்.

கதவு திறக்கவில்லை.

"திறம்வே."

"மனசு வரல."

"ஏன்?"

"ஏன்னு தெரியல. பாட்டு முடிஞ்சா திறக்கணும்னு தெரியும். பாட்டே இல்லைன்னா எப்படித் திறக்க? கோவம் அப்படியே இருக்கே."

திரவியம் சிரித்தார். "இதைத்தானவே நானும் எழுதினேன்! இதுக்குத்தான என்னைக் கோர்ட்டுப் படி ஏத்தினீரு?"

உள்ளே தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்தது; விலகவில்லை.

"நீரு எழுதினது இது இல்ல," என்றார் சங்கரபாண்டி மெதுவாக. "உம்ம நாடகத்துல கதவைச் சாத்திட்டு அம்பாள் போயிருதா. அந்தப் பொண்ணு மேடைக்குப் பின்னால போயி டீ குடிக்கா. நானே பார்த்தேன்."

"பின்ன? அவளுக்கு அதுக்கப்புறம் வசனம் இல்லியே."

"நான் எங்கயும் போகலியே ஓய். இங்கனதான் நிக்கேன். கை தாழ்ப்பாள்லதான் இருக்கு. நீரு வையும்போதும் எடுக்கல."



திரவியம் கதவருகே போய், அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில்.

திரும்பாமலே கேட்டார்:

"அம்மா, நாளைக்குக் கோர்ட்டுல நான் என்ன சொல்ல?"

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போங்க."

"கதவு இன்னும் திறக்கலியே?"

"அது உங்க ரெண்டு பேர் பாடு. எனக்கு உலை கொதிக்கு."

நாச்சியம்மை முறத்தை மடிக்கு இழுத்து, அடுத்த கல்லைத் தேடினாள்.